பேர்மியன் முடிவின் பெரும் உயிரழிவு: காரணம் ஒன்றா, பலவா?

உவர்மலை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். கூர்ப்புப் பாடத்தில் பெரும் உயிரழிவுகளைத் தொடும்போதெல்லாம் வகுப்பு முழுவதும் டைனோசர்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் விண்கல் விழுந்தது, டைனோசர்கள் மடிந்தன என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதைவிடப் பன்மடங்கு கொடியதான, ஏறத்தாழ 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் பேர்மியன் காலத்தின் முடிவில் நேர்ந்த அழிவுக்கு வரும்போது, நான் பார்த்த நூல்கள் எல்லாம் காரணங்களை ஒரு பட்டியலாக அடுக்கிவிட்டு விலகிக்கொள்கின்றன: எரிமலை, புவி வெப்பமாதல், கடலில் ஒட்சிசன் இழப்பு, கடல்நீர் அமிலமாதல், நச்சு வாயு, விண்கல்.

இவை ஒன்றையொன்று மறுக்கும் போட்டிக் கருத்துகளா, அல்லது ஒரே நிகழ்வின் வெவ்வேறு முகங்களா என்பதை எந்த நூலும் தெளிவாகச் சொல்லவில்லை. சைபீரியாவில் வழிந்த எரிமலைக்குழம்பு அயனமண்டலக் கடலின் பவளத்தை எவ்வாறு கொல்லும் என்று ஒரு மாணவி கேட்டபோது, காலநிலை மாறியது என்பதற்கு மேல் என்னால் விளக்க இயலவில்லை. அத்துடன், 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நிகழ்வு சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது என்று எதை வைத்து அறுதியிடுகிறார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன். விடயம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் வகுப்பில் பயன்படுத்திக்கொள்வேன்.

கொட்டியாரத்தான்:

வணக்கம் ரீச்சர். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஏனெனில் காலக்கணிப்புச் சரியாக அமைந்த பின்னரே காரணங்களைப் பற்றிய பேச்சு ஊகம் என்ற நிலையைக் கடந்தது.

நமது மாவட்டத்திலேயே புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளப்படும் கனிய மணலில் இல்மனைற்று, உறுத்தைல் ஆகியவற்றோடு சிர்க்கோன் என்ற கனியமும் இருக்கிறது. அதே சிர்க்கோன்தான் இங்கு கடிகாரமாகப் பயன்படுகிறது. கற்குழம்பில் சிர்க்கோன் பளிங்காகும்போது யுரேனியம் அணுக்களைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது, ஈயத்தையோ ஏறக்குறைய முற்றாகவே ஒதுக்கிவிடுகிறது. ஆகவே பிற்காலத்தில் அப்பளிங்கினுள் காணப்படும் ஈயம், யுரேனியம் சிதைந்து உண்டானது என்று கொள்ளலாம். யுரேனியம் சிதையும் வேகம் நன்கு அளந்தறியப்பட்ட ஒன்று. எனவே யுரேனியத்துக்கும் ஈயத்துக்கும் இடையிலான விகிதத்திலிருந்து பளிங்கின் வயது கிடைக்கிறது.

சீனாவின் செச்சியாங் மாகாணத்தில் மெய்ஷான் என்னும் இடத்தில் ஒரு சுண்ணக்கற் பாறைச் சரிவு உண்டு. பேர்மியனுக்கும் அதையடுத்து வந்த திரயாசிக் காலத்துக்கும் இடையிலான எல்லையை வரையறுக்கும் உலகப் பொது அடையாளமாக 2001 இல் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுதான். அங்கே உயிர்ச்சுவடுகள் நிறைந்த சுண்ணக்கற் படைகளுக்கு மேலே, சில சென்ரிமீற்றர் மட்டுமே தடிப்புள்ள வெளிறிய களிமண் படையொன்று கிடக்கிறது. எரிமலைச் சாம்பல் கடலில் வீழ்ந்து படிந்து களிமண்ணாக மாறியது அது. அதற்குக் கீழே உயிர்கள் செறிந்திருக்கின்றன. அதிலிருந்து மேலே போகப்போகப் பெரும்பாலானவை இல்லை. அப்படையிலும் அதற்கு மேலுள்ள சாம்பற் படைகளிலும் கிடைத்த சிர்க்கோன் பளிங்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் கணித்து 2014 இல் வெளியான முடிவின்படி, அழிவு நீடித்த காலம் ஏறத்தாழ 60,000 ஆண்டுகள். பிழை எல்லை 48,000 ஆண்டுகள். அதாவது அது 12,000 ஆண்டுகளாகவும் இருக்கலாம், ஒரு இலட்சத்தைத் தாண்டியும் இருக்கலாம். பாடநூலில் 60,000 என்ற எண்ணை மட்டும் அச்சிடுவது எனக்கு உவப்பானதன்று.

இனிச் சைபீரியா. அங்கே வழிந்து உறைந்த பசாற்றுப் பாறை மில்லியன் கணக்கான சதுரக் கிலோமீற்றர் பரப்பில் பரந்திருந்தது. நொறில்ஸ்க் நகரைச் சுற்றிய புகழ்பெற்ற நிக்கல் சுரங்கங்கள் அதே கற்குழம்பின் விளைவே. இவ்வளவு பெரிய வெளியேற்றம் இருந்தால் அழிவு நேராமல் வேறென்ன நேரும் என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஏறத்தாழ 134 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய பிரேசிலிலும் நமீபியாவிலும் பரானா-எத்தெந்தெக்கா என்னும் மாபெரும் எரிமலைக்குழம்புப் பரப்பு உண்டாயிற்று. அதனோடு சேர்த்துச் சொல்லத்தக்க பெரும் உயிரழிவு எதுவும் இல்லை. எனவே வழிந்த குழம்பின் அளவு மட்டும் போதிய விளக்கமாகாது.

வேறுபாடு குழம்பு எதை ஊடறுத்தது என்பதில் இருக்கிறது. சைபீரியாவின் துங்குஸ்கா வடிநிலத்தில் பல கிலோமீற்றர் தடிப்புக்கு அடையற் பாறைகள் கிடக்கின்றன. அவற்றுள் கேம்பிரியன் காலத்து உப்புப் படிவுகள், சுண்ணக்கல், பெற்றோலியம், அவற்றின் மேலே நிலக்கரிப் படைகள் என எல்லாம் உண்டு. கற்குழம்பு மேற்பரப்புக்கு வருவதை விட்டு, இந்தப் படைகளுக்கிடையே கிடையாகப் புகுந்து தகடுகளாக உறையத் தொடங்கியபோது, சுற்றியிருந்த பாறைகள் சூளையில் இட்டவை போலச் சுடப்பட்டன. நிலக்கரியிலிருந்தும் பெற்றோலியத்திலிருந்தும் காபனீரொட்சைட்டும் மெதேனும், உப்பிலிருந்து குளோரீன் கலந்த வாயுக்களும் பெருமளவில் வெளிப்பட்டன. வாயு அமுக்கத்தால் நிலம் வெடித்துக் கிளம்பிய குழாய் வடிவப் பாறைத் துளைகள் அங்கே இன்றும் நூற்றுக்கணக்கில் காணப்படுகின்றன.

இது வெறும் ஊகமன்று என்பதற்குக் காலக்கணிப்பே துணை நிற்கிறது. சைபீரியப் பாறைகளின் சிர்க்கோன்களும் மெய்ஷான் சிர்க்கோன்களும் ஒரே முறையில் கணிக்கப்பட்டபோது, குழம்பு மேற்பரப்பில் வழியத் தொடங்கி ஏறத்தாழ 300,000 ஆண்டுகள் கடந்த பின்னரே அழிவு தொடங்கியது தெரியவந்தது. அந்த நெடுங்காலத்தில் மொத்தக் குழம்பில் மூன்றில் இரண்டு பங்களவு வெளியேறியிருந்தும் கடலுயிர்கள் பெருமளவில் மடியவில்லை. குழம்பு நிலத்தடிப் படைகளுக்குள் புகத் தொடங்கிய காலமும் கடலில் அழிவு தொடங்கிய காலமும் பிழை எல்லைக்குள் ஒன்றுபடுகின்றன என்பது 2017 இல் முன்வைக்கப்பட்டது. கனடாவின் ஆட்டிக் பகுதியில் அழிவுக்குச் சற்றுக் கீழுள்ள படைகளில், இன்றைய அனல் மின் நிலையங்களின் பறக்கும் சாம்பலை ஒத்த நுண்டுகள்கள் கண்டெடுக்கப்பட்டிருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சுண்ணக்கற்களின் காபன் சமதானி (ஒரே மூலகத்தின் திணிவு வேறுபட்ட அணுக்கள்) விகிதம் அதே மட்டத்தில் சடுதியாகச் சரிவதும், பல நாட்டுப் பாறைகளில் இரசமும் நிக்கலும் வழக்கத்துக்கு மாறாக உயர்வதும் இதற்கு இசைவானவையே.

எனவே எரிமலையும் வெப்பமாதலும் அமிலமாதலும் போட்டியாளர்கள் அல்லர். எரிமலை தூண்டிய கை. ஏனையவை கொன்ற வழிகள். எந்த வழி எவ்வளவு கொன்றது என்பதைக் கடலியல் அறிந்தவர்கள் எழுதட்டும்.

கடலடி:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பவளம் பற்றிய உங்கள் மாணவியின் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொடுகிறது.

காபனீரொட்சைட்டு சில ஆண்டுகளிலேயே உலக வளிமண்டலம் முழுவதும் கலந்துவிடும். ஆகவே அது சைபீரியாவில் வெளிப்பட்டதா வேறெங்காவது வெளிப்பட்டதா என்பது அயனமண்டலக் கடலுக்கு ஒரு பொருட்டன்று. அது எவ்வளவு சூடாக்கியது என்பதைக் கொனடொன்று என்னும் சிறு கடல்விலங்கின் பல் போன்ற உறுப்புகளிலுள்ள ஒட்சிசன் சமதானிகள் காட்டுகின்றன. சீனாவில் கிடைத்த சுவடுகளின்படி அயனமண்டலக் கடற்பரப்பின் வெப்பநிலை அழிவுக் காலத்தில் 8 தொடக்கம் 10 பாகை செல்சியஸ் வரை உயர்ந்தது. திரயாசிக் தொடக்கத்தில் அது ஒரு கட்டத்தில் 40 பாகையை நெருங்கியதாகவும் 2012 இல் எழுதப்பட்டது. நிலாவெளிக் கடலில் நீர் 30 பாகையைத் தாண்டிச் சில வாரங்கள் நின்றாலே பவளம் வெளிறத் தொடங்குவதை அறிந்தவர்களுக்கு 40 பாகை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். அதே வேளையில் சூடு ஏற ஏற, குளிர்குருதி விலங்கின் உடலுக்கு ஒட்சிசன் அதிகமாக வேண்டும். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. 2018 இல் வெளியான ஒரு கணினி மாதிரியாய்வு, அன்றைய கடல் தன் ஒட்சிசனில் ஏறத்தாழ 76 சதவீதத்தை இழந்திருக்கும் என்றும், கடலழிவின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை வெப்பமும் ஒட்சிசன் இழப்பும் சேர்ந்தே விளக்கிவிடுகின்றன என்றும் கணித்தது. அம்மாதிரி இன்னொன்றையும் சொன்னது: அயனமண்டல இனங்கள் ஓரளவுக்கு வேறு அகலக்கோடுகளுக்கு நகரலாம், ஆனால் துருவத்தை ஒட்டிய குளிர்நீர் இனங்களுக்கு நகர இடமில்லை, ஆகவே உயர் அகலக்கோடுகளில் அழிவு விகிதம் அதிகமாக இருக்க வேண்டும். உயிர்ச்சுவடுப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது அவ்வாறே இருந்தது. ஒரு கருதுகோள் முன்கூட்டிச் சொன்னது பின்னர் பாறையில் கிடைப்பதை விட வலுவான சான்று இத்துறையில் அரிது.

ஒட்சிசன் குறைந்த கடல் எப்படியிருக்கும் என்று மாணவர்கள் கேட்டால், தொலைவுக்குப் போக வேண்டாம். நமது வங்காள விரிகுடாவிலேயே, மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 100 மீற்றருக்குக் கீழே ஒட்சிசன் மிகமிகக் குறைந்த நீர்ப்படை ஒன்று இருக்கிறது. இன்று அது நடு ஆழத்தோடு நிற்கிறது. அன்று அத்தகைய நீர் ஆழமற்ற கண்டமேடைகள் வரை ஏறி வந்தது என்பதைப் பல நாட்டுப் பாறைகள் காட்டுகின்றன.

யார் மாண்டார்கள், யார் தப்பினார்கள் என்பதும் ஒரு சான்றே. கல்சியம் காபனேற்றால் கனத்த ஓடு கட்டிய, சுவாசத்தையும் குருதிச் சுற்றோட்டத்தையும் நுணுக்கமாகக் கட்டுப்படுத்த இயலாத விலங்குகள், அதாவது பிராக்கியோபோடாக்கள் என்னும் ஈரோட்டு விலங்குகள், கடல் அல்லிகள் என்னும் முட்தோலிகள், பழைய பவளங்கள் ஆகியன மிக மோசமாக அடிபட்டன. மெல்லுடலிகளும் ஏனைய சுறுசுறுப்பான விலங்குகளும் ஒப்பளவில் தாக்குப்பிடித்தன. நீரில் காபனீரொட்சைட்டு மிகுந்ததும் அமிலத்தன்மை கூடியதும் இத்தகைய தெரிவைத்தான் உண்டாக்கும் என்று 1996 இலேயே வாதிக்கப்பட்டது. ஆயினும் ஐக்கிய அரபு இராச்சியப் பாறைகளில், கடல்நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் போரன் சமதானிகளை ஆராய்ந்து 2015 இல் வெளியான கட்டுரை, கடுமையான அமிலமாதல் அழிவின் முதற்கட்டத்தில் இல்லை, இரண்டாம் கட்டத்திலேயே நேர்ந்தது என்கிறது. ஆகவே என் மதிப்பீட்டில் வெப்பமும் ஒட்சிசன் இழப்பும் முதன்மையானவை, அமிலமாதல் பின்னர் வந்து சேர்ந்தது.

இறுதியாக உங்கள் மாணவிக்கு: புறாத்தீவைச் சுற்றி இன்று அவர் காணக்கூடிய கற்பவளங்கள் பேர்மியன் கடலின் பவளக் குழுக்களைச் சேர்ந்தவை அல்ல. உறுகோசா, தபுலாற்றா என்ற அந்தப் பழைய குழுக்கள் இரண்டும் பேர்மியன் முடிவோடு பூண்டற்றுப் போயின. இன்றைய கற்பவளங்களின் வரிசை பாறைப் பதிவில் தோன்றுவது நடுத் திரயாசிக்கில். இடையில் பல மில்லியன் ஆண்டுகளாக உலகில் பவளப்பாறை என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லை.

சம்பூர் மாணவன்:

கொட்டியாரத்தான் அண்ணா, விண்கல்லை நீங்கள் ஒரு சொல்லிலும் தொடவில்லை. டைனோசர்களுக்கு விண்கல் காரணம் என்றால், அதைவிடப் பெரிய அழிவுக்கு அதைவிடப் பெரிய விண்கல் காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா? வடு அழிந்துபோயிருக்கலாம். அக்காலத்துக் கடலடித்தளம் முழுவதும் புவியினுள் புதைந்துவிட்டதே?

கொட்டியாரத்தான்:

தம்பி, கடலடித்தளம் பற்றி நீர் சொல்வது சரிதான். கடலில் விழுந்திருந்தால் பள்ளம் இன்று கிடைக்காது. ஆனால் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய விண்கல்லை அறிஞர்கள் பள்ளத்தை வைத்து அறியவில்லை. 1980 இல் அல்வாரெஸ் குழுவினர் இத்தாலியிலும் டென்மார்க்கிலும் நியூசிலாந்திலும் இருந்த மெல்லிய களிமண் படையில், புவியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகம் மிகுந்திருப்பதைக் கண்டே அதை முன்வைத்தார்கள். மெக்சிக்கோவின் சிக்சுலுப் பள்ளம் அதற்குரியது என்று ஏற்கப்பட்டது 1990களில்தான். இரிடியம், அதிர்ச்சிக்குள்ளான குவாட்சு, உருகித் தெறித்த கண்ணாடித் துளிகள் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. பேர்மியன் எல்லையில் பல நாடுகளில் பல தடவை தேடியும் அத்தகைய உலகளாவிய படை கிடைக்கவில்லை. விழுந்த இடம் புதைந்திருந்தாலும் தெறித்த தூசி நிலமெங்கும் படிந்திருக்க வேண்டுமே.

2001 இல் எல்லைப் பாறைகளில் விண்வெளி வாயுக்களை அடைத்த, கூண்டு வடிவக் காபனான புலரீன் மூலக்கூறுகள் கிடைத்ததாகவும், 2004 இல் அவுஸ்திரேலியாவுக்கு வடமேற்கே பெடௌட் என்னும் கடலடிமேடு விண்கல் வடு என்றும் அறிவிக்கப்பட்டது. முன்னையதை ஏனைய ஆய்வுகூடங்களால் மீளப் பெற முடியவில்லை. பின்னையதைப் பெரும்பாலான பாறையியலாளர்கள் எரிமலைப் பாறையாகவே கருதுகிறார்கள். அந்தாட்டிக்காப் பனிக்கு அடியில் வில்க்ஸ் நிலத்தில் ஈர்ப்பு அளவீடுகளில் தெரியும் வட்டமும் 2006 இல் முன்வைக்கப்பட்டது; அதன் வயதை அறியப் பாறை மாதிரி எதுவும் எடுக்கப்படவில்லை. கருதுகோள் செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்று அதன் பக்கம் நிற்பதற்குப் பிடிமானம் இல்லை.

திருக்கடலூர்ப் பெரியவர்:

பயனுள்ள உரையாடல். ஆயினும் கொட்டியாரத்தான் கட்டிய சங்கிலி சற்று அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவர் காட்டிய காலப் பொருத்தம் முழுவதும் கடலைப் பற்றியது. நிலத்தைப் பார்த்தால் கதை வேறு.

பேர்மியன் காலத்தில் தென்கண்டங்களை மூடியிருந்த காடு குளொசொப்தெரிசு என்ற மரங்களால் ஆனது. இந்தியாவின் கோண்டுவானா நிலக்கரி வயல்கள் பெருமளவும் அக்காட்டின் எச்சமே. அவுஸ்திரேலியாவின் சிட்னி வடிநிலத்தில் சாம்பற் படைகளைக் கணித்து 2019 இல் வெளியான ஆய்வின்படி அக்காடு சரிந்தது கடலழிவுக்கு ஏறத்தாழ 370,000 ஆண்டுகளுக்கு முன்னர். அப்படியானால், குழம்பு நிலக்கரிக்குள் புகுந்த பின்னரே கொலை தொடங்கியது என்ற வாதம் தென்னிலத்துக் காட்டுக்குப் பொருந்தவில்லை. காடு, மேற்பரப்பில் குழம்பு வழியத் தொடங்கிய கட்டத்திலேயே, அல்லது அதற்கும் சற்று முன்னரே, வீழ்ந்துவிட்டது.

பட்டியலில் இருக்கும் நச்சு வாயு பற்றியும் ஒருவரும் எழுதவில்லை. ஒட்சிசனற்ற ஆழ்கடலில் பற்றீரியாக்கள் உண்டாக்கும் ஐதரசன் சல்பைட்டு மேற்பரப்புக்கு வந்து வளியில் கலந்து, நிலத்து உயிர்களையும் கொன்று ஓசோன் படையையும் அரித்திருக்கலாம் என்பது 2005 இல் வந்த கருத்து. கடலில் அவ்வாயு இருந்ததற்குக் கந்தகப் பற்றீரியாக்களின் வேதிச் சுவடுகள் உண்டு. ஆனால் நிலத்தைக் கொல்லுமளவுக்கு அது வளியில் நிறைந்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஓசோன் பாதிப்புக்கு வேறு பக்கத்திலிருந்து ஆதரவு கிடைக்கிறது: அக்காலப் பாறைகளில் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாமல் நான்கு நான்காக ஒட்டிக்கிடக்கும் தாவர வித்திகள் பல நாடுகளில் கிடைத்துள்ளன. விருத்தியில் ஏற்பட்ட அந்தக் கோளாறு புறஊதாக் கதிர்களால் விளைந்தது என்று 2004 இல் வாதிக்கப்பட்டது. அதற்கு ஐதரசன் சல்பைட்டு தேவையில்லை. உப்புப் படிவுகள் சுடப்பட்டு வந்த குளோரீன் வாயுக்களே போதும்.

கொட்டியாரத்தான்:

ஐயா, சிட்னிக் கணிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அது என் வாதத்தை உடைப்பதாக நான் கருதவுமில்லை. மேற்பரப்பு எரிமலை கந்தகத்தையும் காபனீரொட்சைட்டையும் உமிழ்ந்து உயர் அகலக்கோட்டு ஈரநிலக் காட்டின் பருவங்களைக் குலைத்திருக்கலாம். பெருங்கடலின் கொள்ளளவு பெரிது, அதை நிலைகுலைக்க நிலக்கரியின் வாயு வேண்டியிருந்தது. நிலத்தில் முந்தியும் கடலில் பிந்தியும் நேர்ந்ததற்கு ஒரே எரிமலைத் தொகுதியின் இரு கட்டங்கள் போதுமான விளக்கம். 2024 இல் வெளியான ஆய்வொன்று, வெப்பமான அப்புவியில் எல் நினோ நிகழ்வுகள் மிகக் கடுமையாகவும் நெடுங்காலம் நீடிப்பனவாகவும் மாறியதால் நிலத்துக் காடுகள் கடலுக்கு முன்னரே வீழ்ந்தன என்று இதே முரணைத்தான் விளக்க முயல்கிறது.

திருக்கடலூர்ப் பெரியவர்:

அவ்விளக்கம் இயலக்கூடியதே. ஆயினும் அது இன்னும் கணினி மாதிரியின் கூற்று. சிட்னியில் நடந்தது தென்னாபிரிக்காவின் கரூ வடிநிலத்திலும் அதே வேளையில் நடந்ததா என்பதைச் சாம்பற் படைகள் கொண்டு பல இடங்களில் உறுதிசெய்யும் வரை, நிலத்தழிவு ஒரே வீச்சா அல்லது இடத்துக்கிடம் வேறுபட்ட நீண்ட சரிவா என்பதை நான் திறந்தே வைத்திருப்பேன்.

உவர்மலை ஆசிரியை:

அனைவருக்கும் மிக்க நன்றி. பட்டியலைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிட்டு, தூண்டியது எது, கொன்றது எது என்று இரண்டு நிரல்களாக எழுதச் சொல்லப்போகிறேன். பெரியவர் ஐயாவின் ஐயத்தை மூன்றாவது நிரலில் இடுவேன். மாணவர்கள் கட்டாயம் கேட்கப்போகும் ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது: அப்போது இலங்கை எங்கிருந்தது, திருகோணமலையில் அக்காலப் பாறை எதையாவது காட்ட முடியுமா?

கொட்டியாரத்தான்:

இயலாது ரீச்சர். கோணேசர் மலை உட்பட நம்மைச் சுற்றியுள்ள பாறைகள் 500 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்னர் புவியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவற்றில் எந்த உயிர்ச்சுவடும் இராது. பேர்மியன் முடிவில் இலங்கை, இந்தியாவோடும் மடகஸ்காரோடும் அந்தாட்டிக்காவோடும் ஒட்டிய கோண்டுவானா என்னும் தென் பெருங்கண்டத்தின் உட்பகுதியாகத் தென்கோளத்தில் இருந்தது. நாட்டிலுள்ள அடையற் பாறைகளில் பழையவையான தப்போவ, அண்டிகமப் படிவுகள் ஜுராசிக் காலத்தவை. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. இரண்டுமே பிந்தியவை. அந்த எல்லையைக் கண்ணால் பார்க்க நமக்கு அண்மையான இடங்கள் காஷ்மீரில் சிறிநகருக்கு அருகிலுள்ள குர்யுல் பள்ளத்தாக்கும், இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியும். அவற்றின் படங்களை வகுப்பில் காட்டலாம். கையில் கொடுத்துக் காட்டுவதற்குப் புல்மோட்டை மணல் ஒரு பிடியும் ஒரு உருப்பெருக்குக் கண்ணாடியும் போதும். அதில் நிறமற்று மினுங்கும் மணிகளில் பல படிகக்கல்லாகவே இருக்கும். சிர்க்கோனை அதன் பாரத்தைக் கொண்டு நீரில் அலசிப் பிரிக்க வேண்டும்.